ஐந்து பேர், ஐந்து கப்பல்கள்: ஒரு ஓவியத்தின் கரையைத் தேடி

செவ்வாய், டிரெஸ்டன்

இந்தப் பயணம் ஒரே ஓர் ஓவியத்துக்காக: ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'வாழ்க்கையின் படிநிலைகள்'. ஓவியம் இருப்பது லைப்சிக்கில். அதில் தெரியும் கரை வடக்கே, பால்டிக் கடலோரத்தில், கிரைஃப்ஸ்வால்ட் நகரத்தை ஒட்டி இருக்கிறது. வரைந்தவர் வாழ்ந்து மறைந்தது டிரெஸ்டனில். அக்கா மகன் டிரெஸ்டனில் மேல்படிப்புப் படிப்பதால் இங்கிருந்து தொடங்குவது என் கைச்செலவுக்கும் தோதாக அமைந்தது. அவன் இயந்திரப் பொறியியல் மாணவன். ஓவியத்தில் நாட்டமில்லை, ஆனால் ரயில் கால அட்டவணை அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பெட்டி தூக்கவும் வருகிறேன் என்றான். வேறென்ன வேண்டும்?

காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1774 செப்டம்பர் 5 அன்று கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தார். கோபன்ஹேகன் அகாடமியில் பயின்றார். 1798-இல் டிரெஸ்டனுக்கு வந்தவர், 1840 மே 7 அன்று இறக்கும்வரை இந்த ஊரைவிட்டுக் குடிபெயரவில்லை. கடைசிக் காலத்தில் கையில் காசில்லை. ரசனையும் மாறிப்போயிருந்தது. இறந்தபின் ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1906-இல் பெர்லினில் நடந்த ஒரு பெரிய கண்காட்சிதான் அவரைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2024-இல் 250-ஆவது பிறந்த ஆண்டை நாடே கொண்டாடித் தீர்த்தது.

அல்பெர்ட்டினம் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் பல இருக்கின்றன. நான் நீண்ட நேரம் நின்றது 1832-ஐ ஒட்டி வரைந்த எல்பே ஆற்றுப் படுகைப் படத்தின் முன்னால். வெள்ளம் வடிந்த புல்வெளியில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முன்தரை வளைந்து, பூமி உருண்டைதான் என்று தரையே காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. மேலே மஞ்சள் வானம். ஆற்றில் ஒற்றைப் பாய்மரப் படகு. ஆள் என்று சொல்ல யாரும் கண்ணில் படவில்லை. அந்தப் படகைப் பற்றி அக்கா மகன் கேட்டான்: "சித்தி, இது வருகிறதா, போகிறதா?" தெரியவில்லை என்றேன். லைப்சிக்கிலும் இதே கேள்வி காத்திருக்கிறது என்று அப்போது சொல்லவில்லை.

மாலையில் யோஹான்ஸ்டட் பகுதியில் உள்ள டிரினிடாட்டிஸ் கல்லறைத் தோட்டம். ஃப்ரீட்ரிக்கின் கல்லறையில் சிலுவைக் கோபுரமோ சிலையோ இல்லை. பெயரும் தேதிகளும் வெட்டிய கல், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கக் கல்லறைகளையும் சிலுவைகளையும் வரைந்த மனிதருக்கு இத்தனை சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது.

புதன், லைப்சிக்

டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். ஜெர்மனியின் முதல் நெடுந்தொலைவு ரயில் பாதை இதுதான். 1839-இல் முழுமையாகத் திறந்தார்கள். அப்போது ஃப்ரீட்ரிக் உயிரோடு இருந்தார். பாய்மரத்தையும் ஊன்றுகோலையும் வரைந்தவரின் ஊரில் நீராவி எஞ்சின் வந்து நின்றிருக்கிறது! பக்கவாதத்தில் விழுந்து கிடந்தவர் அதைப் போய்ப் பார்த்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

லைப்சிக் நுண்கலை அருங்காட்சியகம் 2004-இல் திறந்த கண்ணாடிக் கனசதுரக் கட்டடம். உள்ளே கூடங்கள் ஆள் உயரத்தைக் கேலி செய்யும் அளவுக்கு உயரம். அந்தப் பிரம்மாண்டத்தைக் கடந்துபோய் நின்றால், 'வாழ்க்கையின் படிநிலைகள்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஓவியம் கைக்கு அடக்கமாக இருக்கிறது. அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. உயரம் முக்கால் மீட்டர் இருக்கும். காலம் 1835 வாக்கில்.

படத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லும் புல்லுமான கடற்கரை மேடு. நம் பக்கம் முதுகைக் காட்டியபடி ஒரு முதியவர், நீண்ட மேலங்கியும் தொப்பியும் கையில் தடியுமாக முன்னே நடக்கிறார். அவருக்கு எதிரே உயர்ந்த தொப்பி அணிந்த ஒருவர் திரும்பி நிற்கிறார். பக்கத்தில் ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். கடலுக்கு அருகே இரண்டு குழந்தைகள். அவர்கள் கையில் ஒரு சிறிய நீல மஞ்சள் கொடி. இடப்புறம் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. கடலில் ஐந்து கலங்கள்: கரையை ஒட்டி இரண்டு சிறு படகுகள், நடுவில் ஒரு பெரிய கப்பல், தொலைவில் இன்னும் இரண்டு. அந்தி வானம். அடிவானத்தில் மஞ்சள், மேலே ஏற ஏற ஊதா.

அக்கா மகன் இரண்டு நிமிடம் பார்த்தான். "ஐந்து பேர், ஐந்து கப்பல். கணக்கு முடிந்தது, சித்தி. சின்னப் படகு இரண்டும் குழந்தைகள். நடுக்கப்பல் தாத்தா. மற்ற இரண்டும் மற்ற இருவர்."

அவனைக் குறை சொல்ல முடியாது. கலை வரலாற்று நூல்கள் பலவும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. முதியவர் ஃப்ரீட்ரிக், தொப்பிக்காரர் அண்ணனோ தம்பியோ பெற்ற மகன் யோஹான் ஹைன்ரிக், இளம்பெண் மூத்த மகள் எம்மா, சிறுமி ஆக்னஸ் அடெல்ஹைட், சிறுவன் குஸ்தாவ் அடோல்ஃப். நடுக்கப்பல் பாயைச் சுருக்கிக்கொண்டு கரையை நெருங்குகிறது, எனவே முதியவரின் பயணம் முடியப்போகிறது என்பார்கள். அதன் கொடிமரமும் குறுக்குக் கழியும் சிலுவை என்பார்கள். கவிழ்ந்த படகு சவப்பெட்டி. தொலைவில் போகும் கப்பல்கள் அடிவானத்துக்கு அப்பால், மறுமைக்கு.

படத்தை வரைந்த 1835-ஆம் ஆண்டு ஜூனில்தான் ஃப்ரீட்ரிக்குக்குப் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் எண்ணெய் வண்ணத்தில் அவரால் அதிகம் வரைய முடியவில்லை. நீர்வண்ணத்துக்கும் சேப்பியா என்ற பழுப்பு மைக்கும் திரும்பினார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்க்கிறவருக்கு எல்லாமே சாவாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனாலும் ஆளுக்கொரு கப்பல் என்று ஜோடி சேர்ப்பது கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போலத்தான் எனக்குப் பட்டது. பொருத்தம் பார்த்து முடிந்ததும் பெண்ணையும் பிள்ளையையும் யாரும் பார்ப்பதில்லை. நாளை மறுபடி வருகிறேன் என்று காவலரிடம் சைகையால் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியாது.

வியாழன், லைப்சிக்

இதே அருங்காட்சியகத்தில், ஃப்ரீட்ரிக்குக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் முந்திய இன்னொரு 'வயதுகள்' படம் இருக்கிறது. ஹான்ஸ் பால்டுங் 1544-இல், தான் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் வரைந்த 'பெண்ணின் ஏழு பருவங்கள்'. குழந்தையிலிருந்து கிழவி வரை ஏழு பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். உடம்பு எப்படி மலர்ந்து எப்படி வாடுகிறது என்பதை மூடி மறைக்காமல் காட்டியிருக்கிறார்.

ஏழு என்றதும் எந்தத் தமிழருக்கும் உலா நினைவுக்கு வந்துவிடும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதைக்கு 5 முதல் 7 வயது. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. வீதியில் அரசன் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், நோக்கம் வேறு. உலாப் புலவருக்கு நாற்பதோடு பெண் முடிந்துபோகிறாள். அதற்குப் பிறகு அவள் வீதிக்கு வந்து அரசனைப் பார்த்தாளா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. பால்டுங் நாற்பதைத் தாண்டிச் சுருங்கிய தோல்வரை போகிறார். ஆனால் அவருக்கும் அந்தக் கிழவிமேல் அன்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'பார், இப்படித்தான் ஆவாய்' என்ற எச்சரிக்கைதான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிவிட்ட எனக்கு இருவர் மேலும் கொஞ்சம் கோபம்தான்.

ஐரோப்பாவில் இந்த எண்ணும் பழக்கம் வீட்டுச் சுவர்வரை வந்திருந்தது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 19 வரை, மனித வாழ்வைப் படிக்கட்டாகக் காட்டும் அச்சுப் படங்கள் ஏராளமாக விற்றன. பத்துப் பத்து ஆண்டுக்கு ஒரு படி. ஐம்பது வரை ஏற்றம், ஐம்பதில் உச்சி, பிறகு நூறு வரை இறக்கம். ஆளுக்கு ஒரு படி. ஒருவர் மற்றவரைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. அடியில் பெரும்பாலும் சாவோ தீர்ப்பு நாளோ காத்திருக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஃப்ரீட்ரிக்கின் முன்னால் மறுபடி போய் நின்றேன். 'படிநிலைகள்' என்ற தலைப்பு அவர் வைத்ததல்ல, பின்னால் வந்தது. படத்தில் படியே இல்லை. ஐந்து பேரும் ஒரே மேட்டில், ஒரே தரையில் இருக்கிறார்கள். வரிசையும் இல்லை. குழந்தையிலிருந்து தொடங்கி முதுமையில் முடிகிற கோடு எதையும் இழுக்க முடியாது. சிறுவயது நடுவில், நீருக்குப் பக்கத்தில். முதுமைதான் நமக்கு மிக அருகில்.

அதைவிட முக்கியம், தொப்பிக்காரர். ஃப்ரீட்ரிக்கின் மனிதர்கள் வழக்கமாக முதுகைக் காட்டுவார்கள். மலையையோ நிலவையோ கடலையோ பார்த்துக்கொண்டு நம்மை மறந்து நிற்பார்கள். அது அவருடைய முத்திரை. இங்கே முதியவர் மட்டும் அந்த முத்திரையோடு வருகிறார். தொப்பிக்காரரோ கடலுக்குப் புறம்காட்டி, வருகிறவர் பக்கம் திரும்பி, கைச்சாடை காட்டுகிறார். அந்தக் கையை 'வாருங்கள்' என்றும் படிக்கலாம், 'இதோ குழந்தைகளைப் பாருங்கள்' என்றும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் அது கடலுக்கு வழியனுப்புகிற கை இல்லை. முதியவரும் கப்பலை நோக்கி நடக்கவில்லை. ஆட்களை நோக்கி நடக்கிறார்.

குடும்பப் படம் என்ற அடையாளத்திலும் ஒரு நெருடல். குஸ்தாவ் அடோல்ஃப் பிறந்தது 1824 டிசம்பரில், ஆக்னஸ் 1823-இல். படம் வரைந்தபோது பையனுக்குப் பத்து, சிறுமிக்குப் பதினொன்று. கொடி பிடித்திருக்கும் குழந்தைகளுக்கு ஐந்தாறு வயதுக்கு மேல் மதிக்க முடியவில்லை.

"அப்படியென்றால் வேறு குழந்தைகளா?" என்றான் அக்கா மகன்.

"இல்லையடா, அதே குழந்தைகளாகவே இருக்கட்டும். பெற்றவருக்குப் பிள்ளைகள் வளர்ந்தது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு உனக்கு இன்னும் எத்தனை வயது?"

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. மனைவி எங்கே? 1818-இல் மணந்த கரோலின், அவர் இறந்தபின்னும் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவர். வழக்கமான பட்டியலில் அண்ணன் தம்பி மகனுக்கு இடம் இருக்கிறது; அவருக்கு இல்லை. அமர்ந்திருக்கும் பெண் எம்மாதான் என்பதை அவ்வளவு உறுதியாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி, பெர்லின்

ரயில் மாறும் ஊர் என்பதால் ஒரு பகல் மட்டும். பழைய தேசியக் காட்சியகத்தில் 'கடலோரத் துறவி'யும் 'ஓக் காட்டு மடாலய'மும் அருகருகே இருக்கின்றன. 1810-இல் பெர்லின் அகாடமியில் வைத்தபோது பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் மன்னர் இரண்டையும் வாங்கிவிட்டார். மடாலயம் எல்டெனா என்ற ஊரின் இடிபாடு. ஞாயிறன்று நேரில் பார்க்கப் போகிறோம்.

கெர்ஸ்டிங் என்ற நண்பர் வரைந்த, ஃப்ரீட்ரிக் தன் பட்டறையில் நிற்கும் படமும் இங்கே இருக்கிறது. மொட்டைச் சுவர். ஒரு தாங்கி, ஒரு நாற்காலி. சன்னலின் கீழ்ப்பாதியை அடைத்துவிட்டு மேலே வானம் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார். கடலையும் கப்பலையும் அந்த அறையில் நின்றுதான் நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்.

கால்வலி. இன்று இவ்வளவு போதும்.

சனி, கிரைஃப்ஸ்வால்ட்

பெர்லினிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம், வட்டார ரயிலில். வழி முழுக்கச் சமவெளி. கிரைஃப்ஸ்வால்ட் சிறிய ஊர், பழைய பல்கலைக்கழகம், 1456-இல் தொடங்கியது. செங்கல் தேவாலயக் கோபுரங்களின் உருவம் ஃப்ரீட்ரிக்கின் படங்களிலிருந்து எனக்கு ஏற்கெனவே பழக்கம். ஊருக்குள் நுழையும்போதே அடையாளம் தெரிந்தது.

அவருடைய அப்பா சோப்பும் மெழுகுவத்தியும் செய்தவர். லாங்கே தெருவில் இருந்த அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அவர் பெயரில் ஒரு மையம் நடக்கிறது. மெழுகுவத்தி வார்த்த வீட்டில் பிறந்தவர் வாழ்நாளெல்லாம் அந்தி ஒளியைத் துரத்தினார் என்று எழுத ஆசை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

சாவு அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்திருக்கிறது. 1781-இல் அம்மா போனார், இவருக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு ஒரு சகோதரி. 1787 டிசம்பரில் தம்பி யோஹான் கிறிஸ்டோஃபர் நீரில் மூழ்கினான். பனி உடைந்து விழுந்த காஸ்பரைக் காப்பாற்றப் போய்த்தான் அவன் மூழ்கினான் என்று சொல்லப்படுகிறது. 1791-இல் இன்னொரு சகோதரி. எண்ணிப் பார்த்தால், இந்த மனிதருக்கு வாழ்க்கை படிப்படியாக ஏறி இறங்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. குழந்தைகள்தான் முதலில் போனார்கள்.

இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி, அவர் பிறந்தபோது இது ஜெர்மானிய மன்னர் எவருடைய ஆட்சியிலும் இல்லை. 1648-இன் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்குப் பிறகு இந்தக் கடலோரம் ஸ்வீடனுக்குப் போயிற்று. 1815-இல்தான் பிரஷ்யாவின் கைக்கு வந்தது. ஃப்ரீட்ரிக் தன் ஒரே மகனுக்கு வைத்த பெயர், ஆட்சி இழந்த ஸ்வீடிஷ் மன்னரின் பெயர்.

இப்போது குழந்தைகளின் கையில் இருக்கும் கொடிக்கு வருவோம். நீலமும் மஞ்சளும் ஸ்வீடனின் நிறங்கள். படம் வரைந்தபோது அந்த ஆட்சி போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் குழந்தைகள் பிறந்ததே பிரஷ்ய ஆட்சி வந்த பின்னால், அதுவும் டிரெஸ்டனில். அவர்கள் பார்த்தே இராத நாட்டின் கொடியைத் தாத்தா காலத்துக் கரையில் ஆட்டுகிறார்கள். எல்லா மனிதர்க்கும் பொதுவான வாழ்க்கைப் பருவங்களைச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இந்தக் கொடிக்கு இங்கே வேலையே இல்லை. இது ஒரு குறிப்பிட்ட கரை, ஒரு குறிப்பிட்ட குடும்பம், வரைபடத்தில் மாறிப்போன ஒரு நாடு. கப்பல்களை எண்ணும் அறிஞர்கள் கொடியை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிறு, வீக்

ரிக் ஆற்றங்கரை வழியே சைக்கிளில். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் பழைய மீனவர் குடியிருப்பு வீக். 1887-இல் கட்டிய மரத் தூக்குப் பாலம் இன்னும் வேலை செய்கிறது. படகு வந்தால் இரண்டு பாதியாக மேலே எழும்புகிறது. கொஞ்சம் தள்ளி 2016-இல் முடித்த வெள்ளத் தடுப்பு மதகு. முதலில் ஆற்றைக் கடந்து எல்டெனா இடிபாட்டைப் பார்த்தோம். செங்கல் வளைவுக்கு அடியில் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெர்லினில் பார்த்த மடாலயப் படத்தில் இருக்கும் சோகம் அங்கே துளியும் இல்லை.

ஃப்ரீட்ரிக்கின் படங்களில் பெரும்பாலானவை ஒட்டுப்போட்ட நிலங்கள். பாறை ஓர் ஊரிலிருந்து, மரம் இன்னோர் ஊரிலிருந்து. இந்தப் படத்தின் கரை மட்டும் உட்கீக் என்று அழைக்கப்படும் இந்த இடம் என்று அடையாளம் காண முடிகிறது. நாங்கள் போனபோது காற்று பலமாக இருந்தது. மீன் வைத்த ரொட்டி வாங்கி, காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். ஊறவைத்த ஹெர்ரிங், பச்சை வெங்காயம். புளிப்பு நன்றாகவே இருந்தது. கடற்புறாக்கள் விலகிப் போகவே இல்லை.

கரையில் நின்றதும் ஒன்று தெளிவானது. இது திறந்த கடல் இல்லை. எதிரே நிலம் வளைந்து வரும் விரிகுடா. ஆழம் குறைவு, வெகுதூரம்வரை வெளிர் நிறம். அலை என்று சொல்லும்படி பெரிதாக இல்லை. படத்தில் நடுக்கப்பல் அத்தனை கிட்டத்தில் அத்தனை பெரிதாக நிற்பதற்கு இந்த நீர் இடம்கொடுக்காது என்றே எனக்குப் படுகிறது. அதை அவர் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு வந்து கரையருகே நிறுத்தியிருக்கிறார். சாவுக்காகவா, வீடு திரும்பும் கப்பலுக்காகவா?

பாய்ப்படகுகள் நாலைந்து திரிந்தன. அக்கா மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் கணக்கெடுத்தான். பாய் எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று வைத்துக் கரைக்கு வருவது எது, போவது எது என்று பிரிக்கலாம் என்றான். இரண்டைச் சரியாகச் சொன்னான். மூன்றாவது திசை மாற்றிக்கொண்டு அவனை ஏமாற்றிவிட்டது.

"படத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து, சித்தி?"

கைபேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். குழந்தைகளின் கொடியை வைத்து ஒரு திசை சொல்லப் பார்த்தான். கொடியைக் கையால் பிடித்திருப்பதால் அது சாட்சியாகாது என்று அவனே விட்டுவிட்டான். வாழ்க்கையின் முடிவு, சிலுவை, சவப்பெட்டி என்பதையெல்லாம் விட இந்தப் பேச்சில் ஃப்ரீட்ரிக்குக்கு ஆர்வம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். துறைமுக ஊரில் பிறந்தவர், கொடிமரமும் கயிறும் தப்பாமல் வரைந்தவர்.

திரும்பும் வழியில் நாளைய திட்டத்தை மாற்றிவிட்டோம். ஸ்ட்ரால்சுண்ட் போவதாக இருந்தோம், ஹாம்பர்க் போகிறோம். 1803-இல் நான்கு பருவ காலங்களையும் மனித வயதுகளையும் இணைத்து அவர் வரைந்த சேப்பியா தாள்கள் பெர்லினில் இருக்கின்றன. 1826 வாக்கில் அதையே விரித்து ஏழு தாள்களாக வரைந்த தொகுதி ஹாம்பர்க்கில். முதல் தாளில் மனிதரே இல்லை, கடலும் எழும் சூரியனும் மட்டும். பிறகு வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்காலம். அதோடு நிற்கவில்லை: ஆறாவது தாளில் சுண்ணாம்புக் குகைக்குள் எலும்புக்கூடுகள், ஏழாவதில் வணங்கும் தேவதைகள். ஆக, படிப்படியாக எண்ணிக் காட்டவும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஒன்பது ஆண்டு கழித்து இந்தக் கரையில் அவர் அப்படிச் செய்யவில்லை.

காகிதப் படங்கள் ஆதலால் அவை எப்போதும் சுவரில் இருக்காது. வாசிப்பு அறையில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.